ஐந்து வாட்ஸ் பொறாமை

மார்ச் 3

அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுகிறோம். போன தடவை நான், அதற்கு முந்தின தடவை நீ. அதனால்தான் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதென்றாலும் படித்து முடித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமை தொப்பிக்காரியின் கச்சேரிக்குப் போனேன். யார் அது என்று கேட்பாய். வெயிலோ மழையோ, கூரைக்கு அடியில்கூட ஓர் ஆம்பிளைத் தொப்பியைக் கழற்றாமல் கிட்டார் வாசிப்பவள். இந்த ஊரில் நான் எந்த வாசலுக்கு வேலை தேடிப் போனாலும் எனக்கு முன்னால் அந்தத் தொப்பி நிற்கும். அவள் எங்கேயாவது சொதப்புவாளா என்று பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

மேடைக்கு ஒரு சின்ன கிட்டார் ஆம்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலிமேல் வைத்தாள். சாம்பல் நிறத் துணி. முன்பக்கம் ஒரே ஒரு குமிழ். எனக்குப் பகீரென்றது. ஸ்பீக்கர் துணியின் மூலையை மெத்தை விரிப்பு மாதிரி இழுத்து மடித்திருந்தது. அந்த மடிப்பு உலகத்தில் உனக்கு மட்டும்தான் வரும்.

வாசித்தாள். மெதுவாகத் தொட்டால் கண்ணாடிக் குவளை மாதிரி சுத்தம். கொஞ்சம் அழுத்தினால் தொண்டை கட்டியவள் பாடுகிற மாதிரி உடைகிறது. அந்த உடைசல் என்னுடையது அக்கா. ஒன்பது வருஷமாக என்னுடையது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் மனைவியிடம், "இந்தச் சத்தத்தை எங்கயோ கேட்டிருக்கேன். அந்தச் சுண்டு வாசிப்பாளே, அவ மாதிரி இல்ல? ஆனா இது இன்னும் நல்லா இருக்கு" என்றார். இன்னும் நல்லா இருக்காம்! எழுந்து வந்துவிட்டேன். குடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டேன்.

இப்போது கேள். ஏப்ரல் 12ஆம் தேதி பெரிய பாடகி ஒருவர் தன் எட்டு மாதப் பயணத்துக்குக் கிட்டார் ஆள் எடுக்கிறார். ஓர் இடம்தான். கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று நான். இன்னொன்று யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வயசாகிறது, இது போனால் இன்னொன்று இந்த அளவில் வராது.

எனக்குச் செய்து கொடுத்ததை அவளுக்கும் செய்து கொடுத்தாயா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் எழுது.

சுண்டு


மார்ச் 9

சுண்டு,

ஆமாம். ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியை எனக்காக எழுதுகிறேன்.

கிழிக்கவில்லை. மாமாதான் உன் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "உன் தங்கச்சி இன்னும் மாறவே இல்ல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தொப்பி அம்மா முறையாக ஆர்டர் கொடுத்தாள். தொப்பி போட்டிருப்பாளா மொட்டை அடித்திருப்பாளா என்று நான் விசாரிக்கவில்லை. என் வேலை பெட்டி செய்வது. இதுவரை நாற்பத்தொரு பெட்டி செய்திருக்கிறேன். பகலில் ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர், சாயந்திரம் இது. ஒவ்வொரு வயரையும் கையால் வெட்டி, வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கிறேன். ஒரு பெட்டிக்கு மூன்று வாரம். உனக்குப் பிடிக்காதவர்களுக்கு விற்கக்கூடாது என்றால் பட்டியல் அனுப்பு, சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

"என்னுடைய சத்தம்" என்கிறாய். அதில் இருப்பது பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி இரண்டே வால்வு. நூறு வாட்ஸ் ஆம்ப் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் அதன் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாமல் சாகிறார்கள். திருப்பினால் பக்கத்து வீடு எழுந்து வரும். ஐந்து வாட்ஸ் பெட்டி அப்படி இல்லை. ஒரு சின்ன அறைக்குள்ளேயே அதைத் திணறவைக்கலாம், திணறுகிறபோதுதான் வால்வு பேச ஆரம்பிக்கும். விரல் மெத்தென்றால் அடங்கும், விரல் கோபப்பட்டால் அதுவும் கோபப்படும். அது யார் வாசித்தாலும் செய்யும். உனக்கென்று தனியாகக் கடவுள் அனுப்பியது இல்லை.

இரண்டு பெட்டிக்கும் ஒரே வரைபடம். வேண்டுமானால் யாரிடமாவது காட்டிப் பார்த்துக்கொள்.

இன்னொன்று. போன வருஷம் பத்திரிகைப் பேட்டியில், இந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "என் விரல்ல இருக்கு" என்றாய். முழுப் பக்கத்துக்குப் பேட்டி, பெரிய போட்டோ, போட்டோவில் உன் காலடியில் என் பெட்டி. அக்கா என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. இரண்டு தடவை தேடினேன். அந்தப் பக்கத்தை மாமா எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார், நான் பார்த்துப் பார்த்துக் காய்ந்து போகிறேன் என்று.

விரலில் இருக்கிறது என்றாயே, அப்புறம் தொப்பிக்காரியைப் பார்த்து என்ன பயம்?

அக்கா


மார்ச் 16

அக்கா,

யாரிடமாவது காட்டிப் பார் என்றாய் அல்லவா, காட்டினேன். உன் வாயால் நீ சொன்னதுதான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ரிப்பேர்க்காரர் இருக்கிறார். டிவி, மிக்ஸி, ஆம்ப், எது கொடுத்தாலும் பார்ப்பார். கடை முழுக்கத் திறந்து போட்ட பெட்டிகள், நடுவில் அவர். எல்லோரும் கெட்டிக்காரர் என்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்து, பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். முதலில் உன்னைப் புகழ்ந்தார். "அடேயப்பா, என்ன சுத்தமான கை! வயரெல்லாம் வகிடு எடுத்துச் சீவினாப்ல இருக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் குனிந்தார், நிமிர்ந்தார், சிரித்தார்.

"இது யாரு பண்ணது?"

"எங்க அக்கா."

"அக்காவுக்கு அன்னைக்குத் தூக்கக் கலக்கம் போலம்மா. ஒண்ணரை கிலோ ஓம் ரெசிஸ்டர் போடவேண்டிய இடத்துல பதினஞ்சு போட்டிருக்காங்க. பழுப்பு, பச்சை, அடுத்த வளையம் சிவப்பு இருக்கணும். இங்க ஆரஞ்சு இருக்கு. பத்து மடங்கு தப்பு. ரெண்டாவது கட்டம் மூச்சுத் திணறிக்கிட்டே இருக்கும். எப்படித்தான் இத்தனை வருஷம் வாசிச்சீங்களோ!"

வேண்டாம் என்று நான் சொல்லிமுடிப்பதற்குள் மாற்றிவிட்டார். பழையதைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார், பல் பிடுங்கிய டாக்டர் மாதிரி.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். சுத்தமாக இருக்கிறது, சரியாக இருக்கிறது. எங்கேயும் உடையவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. குமிழை முழுசாகத் திருப்பினால் கொஞ்சம் கரகரக்கிறது, ஆனால் அது வேறு யாரோ. என் குரலை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கீழே தையல் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்கள்.

ஆக, ஒரே வரைபடம் இல்லை. தங்கைக்குத் தப்பான பெட்டி, தொப்பிக்காரிக்குச் சரியான பெட்டி. சொந்தக்காரிதானே, எதையாவது கட்டிக் கொடுத்தால் போதும், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தாய். அதைவிட எரிச்சல் எது தெரியுமா? அவள் சரியான பெட்டியை வைத்துக்கொண்டே என் தப்பான பெட்டியின் சத்தத்தை எடுக்கிறாள். விரலாலேயே எடுக்கிறாள்.

இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. நான் எதை வைத்து வாசிப்பேன்?

சுண்டு


மார்ச் 22

சுண்டு,

நீ எழுதியதில் முதல் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு நாள் ஆயிற்று. எவனோ ஒருவன் என் பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறான்! அவன் வைத்த ஈயம் என் ஈயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன், "ஒரு ரெசிஸ்டர்தானே" என்றார். அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. உன்னைப் பொறாமைக்காரி என்று எழுதக் கை வந்தது, அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டேன்.

காட்டிப் பார் என்று வீம்புக்கு எழுதியதே நான்தான், நீ காட்டமாட்டாய் என்ற தைரியத்தில். கோபம் ஆறியபின் மற்றது நினைவுக்கு வந்தது. அதை எழுதாமல் இருக்க இந்த மேஜையை மூன்று தடவை துடைத்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த நால்வர் குழுவுக்குக் கிட்டார் ஆள் எடுத்தார்களே, அப்போது போட்டியிட்டது நான். நீ துணைக்கு வந்தாய். என் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் வாசித்து முடித்ததும் அவர்கள், "நீயும் வாசிப்பியாமே பாப்பா, ஒண்ணு வாசி" என்று சும்மா கேட்டார்கள். நீ வாசித்தாய். அப்புறம் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து, "உனக்குக் கோவம் இல்லையே அக்கா" என்று கேட்டாய். "சீ, பைத்தியம்" என்றேன். அதற்குப் பிறகு நான் கிட்டாரைத் தொட்டிருக்கிறேனா? நீ ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கிறாயா?

அந்த மாதம்தான் உனக்கு ஆம்ப் செய்ய ஆரம்பித்தேன். என் முதல் பெட்டி. ஆரஞ்சையும் சிவப்பையும் மாற்றிப் பார்த்தது உண்மையான தப்பு. மங்கல் பல்பு, அவசரம். ஆனால் பலகையை மூடுவதற்கு முன் கடைசியாக ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அப்போது கண்ணில் பட்டது. ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் கையில் சூடாகவே இருந்தது. ஒரு நிமிஷ வேலை. எதுவும் எரியாது, யாருக்கும் ஆபத்தில்லை, சத்தம் மட்டும் திணறும் என்று தெரியும். முதல் கச்சேரியிலேயே இவள் முகம் தொங்கட்டும் என்று நினைத்தேன். அயர்னை அணைத்துவிட்டுப் பலகையை மூடினேன்.

தூக்கக் கலக்கம் இல்லை சுண்டு. பொறாமை. நன்றாக விழித்துக்கொண்டிருந்தேன்.

நீ அதைப் போட்டுப் பார்த்தாய். ஒரு தடவை மீட்டினாய், அந்தக் கரகரப்பு வந்தது, நான் தலை குனிந்துகொண்டேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு, "இதுதான் அக்கா, இதுதான் நான் தேடினது" என்று குதித்தாய். அன்றைக்கு எப்படிச் சொல்வேன்? அடுத்த வருஷம் நீ பேர் வாங்கியபிறகு எப்படிச் சொல்வேன்? அந்தப் பேட்டியில் என் பெயர் இல்லை என்று காய்ந்தேனே, இருந்திருந்தாலும் அதை என்னால் படித்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு செய்த நாற்பது பெட்டியும் சரியானவை. தப்பு உனக்கு மட்டும்தான்.

பார்சலில் என் மீட்டரும், சின்ன அயர்னும், கொஞ்சம் ஈயமும் இருக்கின்றன. அந்தக் காகிதப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அதை நீயே திரும்ப வை. அந்த ஆள் கையால் வேண்டாம். பிளக்கை முழுசாகப் பிடுங்கு, ஸ்விட்சை அணைத்தால் போதாது. அரை மணி விடு. அதற்குப் பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும். சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும், தொட்டால் ஆளையே தூக்கி எறியும். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை விரல் உள்ளே போகக்கூடாது. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கையால் தொடு. படம் வரைந்து வைத்திருக்கிறேன், சிவப்பு மையில் வட்டம் போட்ட இடம்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


ஏப்ரல் 2

பார்சல் வந்தது. ரெசிஸ்டரை வைத்துவிட்டேன். சத்தம் திரும்பிவிட்டது.

உன்னிடம் சொல்ல வேறு எதுவும் இல்லை. மாமாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.


ஏப்ரல் 19

அக்கா,

பதினேழு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், ஸ்ட்ரிங் மாற்றும்போது. நல்ல நல்ல வசவாக வந்தது. ஒன்றையும் எழுத முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

12ஆம் தேதி சரியான நேரத்துக்குப் போனேன். பழைய பள்ளிக்கூட ஹால், மடக்கு நாற்காலிகள், சுவரில் ஈரத் திட்டுகள். பாடகி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரி முன்னாலேயே வந்து பக்கத்து அறையில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. கதவு வழியாகவே கேட்டது. கழுத்தில் கத்தி வைத்தாலும் பொய் சொல்ல மாட்டேன், அழகாக இருந்தது. என்னிடம் இருந்த தைரியமெல்லாம் கால் வழியாக இறங்கிப் போய்விட்டது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அக்கா எனக்குத் தந்தது தப்பு, அவளுக்குத் தந்தது சரி. அக்காவே கைப்பட எழுதியிருக்கிறாள். அவளுடைய அழகெல்லாம் அந்தச் சரியான பெட்டியில்தான் இருக்கிறது. தப்பு இத்தனை நாள் எனக்குச் சோறு போட்டது, அது மறந்து போயிற்று. அவளிடம் இருப்பதுதான் கண்ணில் நின்றது.

அவள் வாசித்து முடித்து, பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். இரண்டு பெட்டியும் நடைவழியில் சுவரோரம் நின்றன. ஒரே சாம்பல் துணி, ஒரே மடிப்பு. மாற்றி வைத்தேன். இரண்டு அடி தூரம், அவ்வளவுதான். கை நடுங்கவில்லை. உன் கையும் அன்றைக்கு நடுங்கியிருக்காது.

நான் முதலில் வாசித்தேன். சரியான பெட்டியில் சரியாக வாசித்தேன். பாடகி, "ரொம்ப நல்லாருந்துச்சும்மா" என்றார். அந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

அவள் வந்தாள். முதல் மீட்டலிலேயே அவள் முகம் மாறிற்று. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நிறுத்திவிடுவாள், கேட்பாள், மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. விரலை இளக்கினாள். பெட்டியின் போக்குக்கு இறங்கி வந்தாள். அது உடைகிற இடத்தில் உடையவிட்டு, மூச்சு வாங்குகிற இடத்தில் காத்திருந்தாள். ஒன்பது வருஷம் அந்தப் பெட்டியோடு குடித்தனம் பண்ணியவள் நான், எனக்கே அது அப்படிப் பேசியதில்லை. பாடகி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இந்தச் சத்தம்தான் எனக்கு வேணும்" என்றார்.

இடம் அவளுக்குப் போயிற்று.

வெளியே வந்து அவளே என்னிடம் சொன்னாள். "நம்ம பெட்டி மாறிப்போச்சு போலிருக்குங்க. தூக்கி வைக்கிறவங்க மாத்திட்டாங்களோ என்னமோ." நான் தலையாட்டினேன். வாய் திறந்தால் உண்மை வந்துவிடும் போலிருந்தது. "உங்களது என்னோடது மாதிரி இல்லையே, இது என்னமோ பண்ணுது. எட்டு மாசத்துக்கு மட்டும் குடுப்பீங்களா? பத்திரமாத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள். தொப்பியைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை, வாழ்த்தும் சொல்லவில்லை.

ஏன் உன்னைத் திட்டி எழுத முடியவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். உன்னைத் திட்ட எடுத்த ஒவ்வொரு வார்த்தையும் என் மேலேயே விழுந்தது. நீ ஓர் அயர்னை அணைத்தாய். நான் இரண்டு அடி தூரம் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தேன். நீயாவது ஒன்பது வருஷம் கழித்துச் சொன்னாய்.

அவள் உனக்கு எழுதுவாள், அதே மாதிரி ஒன்று கேட்டு. செய்து கொடு என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது. செய்யாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் அதை நன்றாகத்தான் வாசிப்பாள். என்னைவிட நன்றாக. இதை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

உன் கிட்டாரை அன்றைக்கு நான் தூக்கிக்கொண்டு போயிருக்கக் கூடாது. ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது, பதில் தெரியும் என்பதால்.

சுண்டு


ஏப்ரல் 26

சுண்டு,

உன் கடிதமும் அவள் கடிதமும் ஒரே நாளில் வந்தன. உன்னுடையதை முதலில் படித்தேன். படித்துவிட்டு உன்னை இரண்டு அறை விடவேண்டும் போல இருந்தது, அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பெட்டியை மாற்றி வைத்தது நீதான் என்று அவளிடம் சொல்லிவிடு. இடம் திரும்பாது. இருந்தாலும் சொல். நான் ஒன்பது வருஷம் சொல்லாமல் இருந்து பார்த்தேன், அது நல்ல வாழ்க்கை இல்லை.

அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எட்டு மாதப் பயணம், உங்கள் தங்கை வைத்திருப்பது போலவே ஒன்று வேண்டும், எவ்வளவு நாள் காத்திருக்கவும் தயார் என்று எழுதியிருந்தாள். பதில் போடுவதற்குள் போனே பண்ணிவிட்டாள். மறைக்காமல் சொன்னேன், அது தப்பாகக் கட்டிய பெட்டியம்மா என்று. உடனே, "அப்ப அந்தத் தப்பையே எனக்கும் பண்ணிக் குடுங்க. ஒரே ஒரு ரெசிஸ்டர்தானே?" என்றாள். கெட்டிக்காரி. எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு ரெசிஸ்டர்தான். டப்பாவில் கைப்பிடி அளவு இருக்கிறது. பழுப்பு, பச்சை, ஆரஞ்சு. ஒரு நிமிஷ வேலை, அயர்ன்கூடச் சூடாகத்தான் இருந்தது. என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் மேடம், ஏன் மேடம் என்று நான்கு தடவை கேட்டாள். நேரமில்லை என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

போனை வைத்ததும் மாமாவும் அதையேதான் கேட்டார். "கேக்கறதைப் பண்ணிக் குடுத்தா என்ன? அந்தப் பொண்ணு உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதனாலதான். அவ எனக்கு யாரு, பொறாமைப்பட?" என்றேன்.

அக்கா